ஏற ஐந்து, இறங்க மூன்று

கண்டக்டர் சொன்னபோது நான் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் தைரியம் வராது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போளூரில் பள்ளிக்கூடம் விட்டு, நாலரை மணி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் படியில் நின்றபடி வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, "தம்பி, உங்க கூட்டுரோட்டு பாய் பூட்டாரு. மூணாவது வளைவாண்ட. உங்க நைனா வண்டியில" என்றார். போன மாதம்தான், பின்னால் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஜீப் வருகிறது என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு, அவரை டிக்கெட் கட்டும் கையுமாக பஸ் முழுக்க ஓட வைத்திருந்தேன். அதைத்தான் வட்டியோடு திருப்பித் தருகிறார் என்று நினைத்துக்கொண்டு, "எங்க பூட்டாரு, வாணியம்பாடிக்கா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டிக்கெட்டுக்குக் காசும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தக் கையெழுத்துப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் துணுக்கு எழுதுகிறவன் நான். இந்த மாதம் முதல் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். புளி மண்டிக்காரர் மகன், வகுப்பில் பாதி நாள் மண்டிபோட்டே படித்தவன். எனக்குப் பெரிய வார்த்தைகளில் அஞ்சலி எழுத வராது. படிப்பகத்தில் இதைப் புரட்டப்போகிற நீங்கள் ரஹீம் பாயிடம் வண்டி விட்டவர்கள், அல்லது வண்டி விட்டவருக்குப் பக்கத்தில் நின்று சேர்ந்து விலை பேசியவர்கள். அதனால் முக்கால்வாசி உங்களுக்கே தெரியும். தெரியாதவை இரண்டு இருக்கின்றன. அவர் பட்டறையில் அந்தப் பலகையை மாட்டியது யார் என்பது ஒன்று. கடைசியாக எங்கள் வண்டிக்குப் பேசிய கூலி எவ்வளவு என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்லாமல் அவர் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணன் தம்பிகள் எல்லாரும் வாணியம்பாடியில் தோல் வியாபாரத்தில் இருக்க, பாய் மட்டும் யுத்தத்துக்குப் போனார். மிலிட்டரி பட்டறையில் மோட்டார் சைக்கிள் வேலை பழகினார். திரும்பி வந்து நம் கூட்டுரோட்டில், எங்கள் மண்டிக்கு எதிரே, தகரக் கொட்டகை போட்டார். மலைச்சாலை அங்கேதான் தொடங்குகிறது. வேறு காரணம் எதுவும் அவர் சொன்னதில்லை. மண்டிக்காரர்கள், புளிக் குத்தகைக்காரர்கள், அம்மை குத்துகிறவர் என்று அந்தச் சாலையில் ஏறி இறங்கும் பத்துப் பதினைந்து வண்டிகளும் அவர் கைக்குத்தான் வரும்.

சர்வீஸுக்கு எட்டு ரூபாய். அதில் ஐந்து ரூபாய் வேலைக்கு. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிளக்கைச் சுரண்டி, ஆயில் மாற்றி, பிரேக்கைப் பிரித்துப் பூட்டுவதற்கு. மீதி மூன்று ரூபாய்க்கு அவர் வைத்த பெயர் மேட்டுக்கூலி. வேலை முடிந்ததும் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு மூன்றாவது வளைவு வரை ஏறுவார். அங்கே இன்ஜினை அணைத்துவிட்டு, வெறும் பிரேக்கை நம்பி இறங்கி வருவார். வந்து வண்டியை நம் கையில் கொடுத்தால்தான் சர்வீஸ் முடிந்தது என்று அர்த்தம். ஏன் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "ஏறும்போது வண்டி வாய்க்கு வந்ததைப் பேசும். எறங்கும்போதுதான் நெசம் பேசும்."

கூட்டுரோட்டில் நடந்த சண்டையெல்லாம் அந்த மூன்று ரூபாய்க்குத்தான். போளூரில் சர்வீஸ் ஐந்து, ஆரணியில் ஐந்து. இவர் மட்டும் நம் பெட்ரோலில் மலைக்காற்று வாங்கிவிட்டு வந்து, வாங்கிய காற்றுக்கும் நம்மிடமே காசு கேட்கிறார் என்பது மண்டியின் கட்சி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது வம்புக்கு இழுத்தேன்.

"பாய், மூணு ரூபா எப்படி வந்துது? வளைவுக்கு ஒரு ரூபாயா?"

"ஆமாடா வாலு. வளைவுக்கு ஒண்ணு."

"அப்ப நாலாவது வளைவு?"

"அதை அல்லா பாத்துக்குவான். அவன் கூலி கேக்கறதில்ல. அவங்கிட்ட உங்க நைனாவால பேரம் பேச முடியாதுல்ல."

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாலு என்றுதான் கூப்பிடுவார்.

அம்மை குத்துகிறவர் வண்டி சர்வீஸுக்கு வந்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏறிப்போன பாய் திரும்பும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கைலி முழங்காலில் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் ரத்தம். மருந்துப் பெட்டியோடு காத்திருந்தவரிடம், "இன்னிக்கு வண்டி கெடையாதுங்க, நாளைக்கு வாங்க" என்றார்.

"இன்னா பாய், மேல ஜனம் காத்துக்கினு இருக்குது. காலையில நல்லாத்தான ஓடுச்சு?"

"ஓடுச்சுங்க. நிக்கலியே."

மண்டியே கைதட்டிச் சிரித்தது. பாய் முழங்காலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து பிரேக்கைப் பிரித்தார். சிரிக்காமல் நின்றவர் அம்மை குத்துகிறவர் ஒருவர்தான். மறுநாள் எட்டு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு வண்டியை எடுத்துப் போனார். கடைசி வரைக்கும் எட்டு ரூபாய் கொடுத்தவரும் அவர் ஒருவர்தான். ஐயா, நீங்கள் இதைப் படித்தால், உங்களுக்கு என் வணக்கம்.

மற்றவர்கள் ஏன் கொடுக்கவில்லை என்று சொல்ல, மண்டியில் விலை எப்படிப் பிறக்கிறது என்று சொல்லவேண்டும். எங்கள் மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகோத்து, அதன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலோ அத்தனை ரூபாய். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அடுத்த நாள் விலையை இன்னும் கொஞ்சம் அடிப்பார்கள். அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஒருநாள் வருகிற புளியில் கொட்டையும் நாரும் கலந்திருக்கும். கட்டுப்படியாகாத விலைக்கு மலைக்காரர் சுத்தமான புளியைத் தரமாட்டார்; கொட்டையை எடுக்காமல் கட்டிவிடுவார். கொட்டை கண்ணில் பட்டதும் என் அப்பா ஒரு விரல் ஏற்றிக் கொடுப்பார். அதுதான் நியாயமான விலை. நான் பிறந்ததிலிருந்து பார்த்த கணக்கு இது. இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

பாய் மட்டும் துண்டுக்குள் கை விடமாட்டார். "வாய் இருக்குதுல்லங்க? வாயால சொல்லுங்க. எனக்கு எட்டு ரூபா. கூச்சம் இல்லாம சொல்றேன்" என்பார்.

மாசி மாதம் ஒரு விடியற்காலையில், டீத்தூள் பெட்டியின் பலகை ஒன்றில் மூட்டைக்கு மார்க் போடுகிற கறுப்பு மையால் மூன்று வரி எழுதி, பாய் பட்டறைத் தகரத்தில் மாட்டினேன். ஆமாம், நான்தான். நீங்கள் எத்தனையோ பேர்மேல் சந்தேகப்பட்டீர்கள். அவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பலகையில் இப்படி இருந்தது:

ஏற ரூ. 5.
இறங்க ரூ. 3.
இறங்க வேண்டாதவர்கள் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாய்க்கு உருது சரளமாக வரும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அன்றைக்கு அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவதை பஸ் நிற்கிற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியில் வந்து நின்றார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"இன்னா பாய், யாரோ கடைக்கு போர்டு வச்சிட்டாங்க போல?" என்றேன்.

"ஆமாடா வாலு. மை உங்க மண்டி மை."

எனக்கு முகம் செத்துப்போனது. "கழட்டலியா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கழட்டணும்? இதுல பொய் இன்னா இருக்குது? இருக்கட்டும்."

நான்கு நாள் அது அங்கேயே தொங்கியது; பிறகு காணவில்லை. ஊரில் யாரிடமும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நான்கு நாளில் ஊர் முழுக்கப் படித்துவிட்டது. ஐந்தாம் நாள் ஒரு குத்தகைக்காரர் வண்டி எடுக்க வந்தார். "பாய், எனக்கு எறங்க வேணாம். அஞ்சு வச்சுக்கோ" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். பாயும் சிரித்தார். சிரித்துவிட்டதால் மூன்று ரூபாயை அவரால் கேட்க முடியவில்லை. அடுத்தவர் அதையே சொன்னார். அதற்கு அடுத்தவரும் அதையே சொன்னார். பங்குனி பிறப்பதற்குள் நீங்கள் எல்லாரும் ஒருமுறையாவது சொல்லிவிட்டீர்கள். மூன்று ரூபாய் மிச்சம் பிடிக்க இவ்வளவு வசதியான சிரிப்பு நம் ஊரில் அதற்கு முன் இருந்ததில்லை. கூலியைக் கேலி ஆக்கினவன் நான். அந்தக் கேலியைக் காசாக்கிக்கொண்டவர்கள் நீங்கள்.

ஆனால் அவர் ஏறுவதை நிறுத்தவில்லை. ஐந்து ரூபாய் வண்டியையும் ஓட்டிக்கொண்டு மூன்றாவது வளைவு வரை போய், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். ஒருநாள் கேட்டேன்.

"அவங்கதான் எறங்க வேணாம்னு சொல்லிட்டாங்களே பாய், அப்புறம் எதுக்கு ஏறுறீங்க?"

"அவங்களுக்கு வேணாம்டா. எனக்கு அவங்க எறங்கி வரணும்."

அந்தப் பதிலைக் கடைசிப் பக்கத்துத் துணுக்கில் போடலாமா என்றுகூட யோசித்தேன். சிரிப்பு போதவில்லை என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பட்டறையின் பின் கம்பத்தில் ஓர் ஆணி உண்டு. அதில் எப்போதும் நாலைந்து புது பிரேக் கேபிள் சுருட்டித் தொங்கும். வண்டியில் பழைய கேபிளின் கம்பி பிரி விட்டிருந்தால், நம்மைக் கேட்காமலே அதில் ஒன்றை எடுத்து மாட்டுவார். அதற்குத் தனியாகக் காசு கேட்டதில்லை. பங்குனியில் ஒருநாள் ஆணி வெறுமையாக இருந்தது.

"இன்னா பாய், வெறும் ஆணி தொங்குது?"

"ஆணி இருக்குதுல்ல? கேபிள் வந்தா மாட்டிக்கலாம்."

நல்ல பதில் என்று ரசித்தேன். வேலூரில் கேபிள் வாங்குகிற காசு அந்த மூன்று ரூபாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. கணக்கில் நான் எடுக்கிற மார்க் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். நான் புத்தகப் பையோடு பின்னால் போனேன்.

"பாய், நாளைக்குக் காலையில நானும் பையனும் மேல போவணும். குத்தகைக்கு மரம் பாக்க. சர்வீசு பண்ணி வை."

பாய் முன் பிரேக்கின் கேபிளை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். "இதுல பிரி விட்டுக்கினு இருக்குதுங்க முதலாளி. புதுசு வேலூர்ல இருந்து வரணும். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாள்ல வேற எவனாவது மரத்தைப் பேசிட்டுப் போய்டுவான். இருக்கிறதை வச்சு முறுக்கி வுடு."

"அப்ப இன்னிக்கு நான் ஏறிப் பாத்தே ஆவணும்."

"ஏறு, எறங்கு, உன் இஷ்டம். கையைக் குடு."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். பாய் அதைப் பார்த்தார். "துண்டு எதுக்குங்க? ஊருக்கே தெரிஞ்ச வெலைதான?" என்றார். அப்பா கையை மடக்கவில்லை. அவ்வளவு நாளும் துண்டுக்குள் கை விடாத மனிதர், கையைக் கைலியில் துடைத்துவிட்டு உள்ளே விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பாய் அப்பா முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரிங்க" என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பஸ் வந்துவிட்டது. ஓடும்போது திரும்பி, "பாய், நாளைக்கு நானும் பின்னாடி உக்காருவேன், பாத்துப் பூட்டுங்க!" என்று கத்தினேன்.

"நீயுமா? அப்ப ரெண்டு தடவ ஏறணும்டா, வாலு!"

அவர் என்னிடம் பேசியதில் அதுதான் கடைசி. விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன்.

ஜும்மா தொழுகை முடித்து வந்து, வேலையை முடித்து, மூன்று மணிவாக்கில் ஏறியிருக்கிறார். அப்போது மலையிலிருந்து தலைச்சுமையாகப் புளி இறக்கிக்கொண்டு வந்தவர்களில் சின்னாண்டி என்கிற பெரியவர் இருந்தார். மறுநாள் எங்கள் மண்டி வாசலில் சுமையை இறக்காமலே நின்று அவர் சொன்னதை, அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"மொத தடவ எறங்கும்போது எங்களைப் பாத்துச் சிரிச்சுக்கினே போனாரு. நாங்க நடந்து மூணாவது வளைவுக்குக் கீழ வர்றதுக்குள்ள மறுபடி ஏறி வர்றாரு. இன்னா பாய், எதுனா வுட்டுட்டியான்னு கேட்டேன். ரெண்டு பேரு போற வண்டி, ரெண்டு தடவ பாக்கணும்னாரு. கொஞ்ச நேரத்துல 'ஓரம், ஓரம்'னு பின்னால கொரல் மட்டும் வருது. வண்டிச் சத்தம் இல்ல, இன்ஜினு அணைச்சிருந்தாரில்ல. நாங்க ஏழெட்டுப் பேரும் பாறைப் பக்கமா ஒட்டிக்கினோம். பாறையில சாச்சிருந்தா வண்டி நின்னிருக்கும்ங்க. அங்கதான் நாங்க நின்னுக்கினு இருந்தோமே."

கேபிள் அறுந்து தொங்கிய வண்டியைப் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தபோது எல்லாரும் பார்த்தீர்கள்.

சனிக்கிழமை காலையில், நானும் அப்பாவும் மலை ஏறியிருக்கவேண்டிய நேரத்தில், போளூர் கபர்ஸ்தானில் நின்றோம். அடக்கம் ஆனதும் ஆளுக்கு மூன்று பிடி மண் போடவேண்டும் என்றார்கள். மண்டிக்காரர்கள், குத்தகைக்காரர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். மூன்று ரூபாய் தராத கைகளெல்லாம் மூன்று பிடி மண் போட்டன. ஒரு பிடியையாவது யாரும் குறைத்துப் போடவில்லை. என் கையும் போட்டது.

மூன்று நாள் கழித்து அப்பா நோட்டும் சில்லறையுமாக முந்நூறு ரூபாயை ஒரு துணியில் முடிந்துகொண்டு பாய் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். பாயின் மனைவி ஜைத்தூன் அம்மா, கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருப்பதால் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த அந்த அம்மாவின் தம்பி வாசலில் கோரைப்பாய் விரித்து உட்காரச் சொன்னார். அப்பா முடிச்சை நீட்டினார். தம்பி உள்ளே கொண்டு போனார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இது எதுக்குன்னு கேளுடா."

அப்பா கதவுப் பக்கம் திரும்பினார். "சும்மா... செலவுக்குங்க, அம்மா" என்றார்.

"செலவுக்கு எங்க அண்ணங்க இருக்காங்க. அவரு செஞ்ச வேலைக்கு மட்டும் குடுங்க. நாலு ரூபா."

நான் நிமிர்ந்தேன். ஐந்து அல்லவா? ஊரில் எல்லாருக்கும் ஐந்துதானே?

"மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாருங்க. மண்டி முதலாளி நாலு வெரல் புடிச்சாருன்னு. நான்தான், வேலைய வாணாம்னு திருப்பி அனுப்புங்கன்னு சொன்னேன். அதுக்கு அவரு, நான் அனுப்பிட்டா முதலாளி அந்தக் கேபிளோட புள்ளய பின்னாடி உக்கார வச்சுக்கினு ஏறிடுவாரு, அதான் சரின்னுட்டேன்னாரு." பிறகு, "கேபிள் நிக்குமா நிக்காதான்னுதான பாக்கப் போனாரு? பாத்தாச்சு. வேலை முடிஞ்சுதுங்க. நாலு ரூபா குடுங்க."

தம்பி வெளியே வந்து, முடிச்சை அவிழ்த்து, நாலு ஒற்றை ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அப்பா முன்னால் வைத்தார். அப்பா அதை எடுக்கக் கை நீட்டவே ரொம்ப நேரம் ஆயிற்று.

நாங்கள் எழுந்தபோது தம்பி உள்ளே போய் ஒரு பலகையை எடுத்து வந்தார். "இது உன் எழுத்தாமே? மாமா முட்டி போட்டு வேலை செய்ய வச்சிருந்தாரு. அக்கா உன்கிட்டயே குடுக்கச் சொல்லுச்சு" என்றார். எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கொடுத்தார். அப்பா பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மண்டி மையின் வாசனை அவருக்குத் தெரியாதா? படியிறங்கி முன்னால் நடந்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டுரோடு வரை நடந்தே வந்தோம். பட்டறை தெரிந்ததும் அப்பா நின்றுவிட்டார்.

"மூணு ரூபா கொறைச்சோம். அப்பவும் ஏறினான். சரி, இன்னும் ஒண்ணு கொறைக்கலாம்னு நெனச்சேன்டா. மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்னு துண்டைப் போட்டேன்." துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். "வெலை அடிச்சா கொட்டை வரும். வந்தா நிறுத்திக்குவோம். அவன் வேலையில கொட்டையே வரலியேடா. வந்திருந்தா நான் நிறுத்தியிருப்பேன்."

இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுது. தொகையையும் எழுது" என்றார். எங்கள் வண்டி மண்டிக்குள் சாக்கு மூடிக் கிடக்கிறது. அப்பா பஸ்ஸில்தான் போகிறார்.

மோட்டார் சைக்கிள் சர்வீஸுக்கு நியாயமான விலை எவ்வளவு என்று படிப்பகத்தில் நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எட்டே கொடுத்திருக்கலாம் என்று இப்போது எல்லாரும் சொல்கிறீர்கள். எட்டும் போதாது என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தொகை தெரியவில்லை. என்னிடம் இருப்பது பலகை ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிப் பார்த்தேன். முட்டி பட்டுப் பட்டு முதுகுப் பக்கம் நடுவில் லேசாகத் தேய்ந்திருக்கிறது. ஆயிலில் ஊறி என் எழுத்துகள் பாதி மங்கிவிட்டன. முதல் வரி நான் எழுதியபடியே இருக்கிறது: ஏற ரூ. 5. இரண்டாம் வரியில் என் மூன்றை அடித்துவிட்டு, கிரீஸைத் தொட்டு விரலால் பக்கத்தில் ஒரு சைபர் போட்டிருக்கிறார். இறங்க ரூ. 0. மூன்றாம் வரியை, இறங்க வேண்டாதவர்கள் என்று நான் எழுதியதை, ஒரு எழுத்தும் தெரியாதபடி முழுக்க அழித்திருக்கிறார்.

எப்போது செய்தார் என்று தெரியவில்லை. நீங்கள் ஒவ்வொருவராக ஐந்தோடு நிறுத்திக்கொண்ட அந்த ஒரு மாதத்தில் என்றைக்கோ ஒருநாளாக இருக்கவேண்டும். நான் மாட்டிய வேடிக்கைக்கு அவர் எழுதிய பதில் முட்டிக்குக் கீழே இருந்திருக்கிறது. நான் எதிரே நின்று வம்பளந்துகொண்டிருந்தபோதும் அங்கேதான் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கிரீஸ் இன்னும் காயவில்லை. சைபரின் ஓரத்தில் அவர் விரல் ரேகை தெரிகிறது.